"மூணு மாடிக்கும் தாங்கும் சார்": 94-ஐத் தாண்டாத மெஷ் வைஃபை

வீட்டுக்கு மெஷ் வைஃபை (வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் டப்பா வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நெட்டைக் கடத்துகிற செட்) போடலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 11,500 ரூபாய்க்கு மூன்று டப்பா வாங்கி, நாலு மாதம் அந்தக் கடைக்காரரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எங்கள் வீடு மதுரையில். கீழும் மாடியுமாகப் பழைய வீடு, ஒன்பது இன்ச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் மோடம் கீழே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் வேலை பார்ப்பது மாடியில் பின்பக்க அறையில். 200 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) பிளான் போட்டும் மீட்டிங் நடுவில் வாயைத் திறந்தபடி என் முகம் அப்படியே நின்றுவிடும். கீழே மாமனார் மொபைலில் பழைய சீரியலைப் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தெரிந்தவர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போனோம். கேள்வி கேட்டதெல்லாம் நான், பதில் போனதெல்லாம் என் கணவருக்கு. அவருக்கோ மோடத்தில் எந்த லைட் எரிந்தால் நெட் வரும் என்றுகூடத் தெரியாது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த ஏசி1200 என்பதை விரலால் தட்டிக் காட்டி, "ஆயிரத்து இருநூறு ஸ்பீடு சார், உங்க இருநூறெல்லாம் இதுக்குத் தூசி, மூணு மாடிக்கும் தாங்கும்" என்றார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூட வரும், வாரண்டிக்கு நான் இருக்கேன்ல என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஜிபேயில் பணத்தைப் போட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் ஒரு பையன் வந்து மாட்டினான். ஹாலில் ஒன்று, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒன்று, என் அறையில் ஒன்று. மூன்றாவது டப்பாவை மட்டும் ஆப்பில் சேர்க்கவே முடியாமல் அரைமணி நேரம் குண்டூசியால் ரீசெட் பட்டனைக் குத்திக்கொண்டிருந்தான், அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மொபைலில் பார்த்தால் வைஃபை சிக்னல் ஃபுல். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் என் அறையில் 21 எம்பிபிஎஸ். சரி என்று ஹாலுக்கு வந்து முதல் டப்பாவை ஒட்டி நின்று போட்டேன், 94. காலையில் 93. நடுராத்திரியில் எழுந்து போட்டேன், 94. ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் கேபிள் சரியில்லை என்று தட்டையாக ஒரு கேபிளை 350 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். அப்புறமும் 94. அடுத்து, நெட் கம்பெனிக்காரன் உங்களுக்கு ஸ்பீடைக் குறைச்சு விடுறான் மேடம் என்றார். (பழி போடும்போது மட்டும் நான் மேடம்.)

நெட் கம்பெனியில் புகார் கொடுத்ததும் லைன் பார்க்கிற தம்பி வந்தார். லேப்டாப்பை நேராக மோடத்தில் சொருகினார், 200-க்கு மேலேயே காட்டியது. அதே லேப்டாப்பை மெஷ் டப்பாவில் சொருகினார், 94. பெட்டியை எடுத்துவரச் சொல்லிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்: 10/100. "அக்கா, இதுல வயர் சொருகுற போர்ட்டே நூறுதான். நீங்க ஆயிரம் எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் இதுக்கு மேல உள்ளேயே போகாது." அதே இடத்தில் 10/100/1000 என்று இருந்தால்தான் ஆயிரம் வரை தாங்கும் கிகாபிட் போர்ட். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் முன்பக்கம் இல்லை, இந்த ஒரு வரிதான்.

அந்த 1200 எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். டப்பா பேசுவது இரண்டு அலைவரிசையில்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டினால் 1167, அதை இழுத்து 1200 ஆக்கிவிட்டார்கள். என் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் பேசும், அதிலும் அந்த 867 காகிதக் கணக்கு, கையில் கிடைப்பது அதில் பாதியோ என்னவோ. இதை விட மோசம் டப்பாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. எங்கள் செட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ டப்பாவுக்கு ஒன்றுதான், அதே ரேடியோ என் போனோடும் பேச வேண்டும், படிக்கட்டு டப்பாவோடும் பேச வேண்டும், ஆக டப்பாவிலிருந்து டப்பாவுக்கு ஒவ்வொரு தாவலுக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். என் அறைக்கு இரண்டு தாவல், நடுவில் கான்கிரீட் தளம். 21 வந்ததே பெரிது. சிக்னல் ஃபுல்லாகக் காட்டியது எனக்கும் மேஜைமேல் இருந்த டப்பாவுக்கும் நடுவில் மட்டும்தான், அதற்குப் பின்னால் என்ன கதி என்று போன் காட்டாது. டிரைபேண்ட் என்று, டப்பாக்கள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ வைத்த மெஷ் உண்டு, விலை கூட. அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர்.

இதோடு முடியவில்லை. ஒருநாள் என் அறை டப்பாவைத் துடைக்கத் திருப்பினால், அடியில் காற்றுத் துளைகளுக்குள் தூசி அடை, ஓரத்தில் காய்ந்துபோன இரண்டு எறும்பு. வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது! ஸ்டிக்கரில் இருந்த சீரியல் நம்பர் பெட்டியில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. தயாரிப்பாளரின் கஸ்டமர் கேரில் அந்த நம்பரைச் சொன்னேன், வாரண்டி முடிந்து ஏழு மாதம் ஆகிறதாம். யார் வீட்டிலோ ஓடிய டப்பாவைத் துடைத்துப் புது பெட்டிக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள். அந்தப் பையன் குண்டூசியோடு போராடியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கடைக்குப் போனால், பில் இருக்கா சார் என்று கேட்டார், மறுபடியும் என் கணவரைப் பார்த்து.

பில் கொடுக்காமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், அது அவருக்குத் தெரியவில்லை, அதுவரை எனக்கும் தெரியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வைத்துப் புகார் பதிந்தேன். புகார் எண்ணை அவருக்கே அனுப்பி, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணமே கிடையாது என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் அவரே போன் செய்து, அந்தப் பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு 5,000 திருப்பித் தருவதாகச் சொன்னார். முழுப் பணத்துக்காகச் சண்டையைத் தொடர்ந்திருக்கலாம்தான், எனக்கு அதற்கு மேல் தெம்பில்லை, வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் வேலையை முடித்தது எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன். பழைய கேபிள் டிவி வயர் போன ஓட்டை வழியாகவே மாடிக்கு ஒரு கேட்6 வயர் (நெட்டுக்கான கேபிள்) இழுத்தார், வயரும் கூலியும் சேர்த்து 1,400. அந்த முனையில் கிகாபிட் போர்ட் உள்ள சாதாரண ரவுட்டர் ஒன்று, 2,300. என் அறையில் இப்போது 190-க்குக் குறைவதில்லை. மிச்சமிருந்த இரண்டு மெஷ் டப்பாவில் ஒன்று மாமனார் கட்டில் பக்கம் ஓடுகிறது, சீரியலுக்கு 94 தாராளம். இன்னொன்று பரணில்.

கடைக்காரர் இன்னும் தினமும் காலை ஆறு மணிக்குத் தாமரைப்பூ போட்ட குட்மார்னிங் அனுப்பிக்கொண்டிருக்கிறார், என் கணவர் நம்பருக்கு.