ஏசியில் கேஸ் தீர்ந்துபோச்சு என்று யாராவது சொன்னால்

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்துக்குள் எங்கள் வீட்டு ஏசிக்காக நான் ஏமாந்த பணம் 11,799 ரூபாய். ஃபில்டரைக் கழுவிக் கொடுத்ததைத் தவிர அதில் ஒரு வேலைகூடத் தேவைப்பட்டது இல்லை. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, அந்த ஆட்கள் மறுபடி கிளம்பியிருப்பார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். மேலே மொட்டை மாடி. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏப்ரலில் ஒரு நாள் இரவு அறை குளிரவே இல்லை. மாமியாருக்குப் புழுக்கம் தாங்காது. மறுநாள் காலையில் கம்பெனி பெயரோடு 'சர்வீஸ்' என்று போட்டு இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். அது கம்பெனியின் எண் இல்லை என்பது எனக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தெரியும். போன் எடுத்தவர் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார்.

இரண்டு பேர் வந்தார்கள். பெரியவருக்கு நாற்பது வயது இருக்கும், கூட ஒரு பையன். உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார் வீட்ல இல்லையா மேடம்?" அப்போதே கொஞ்சம் உறுத்தியது. விட்டுவிட்டேன்.

499 ரூபாய்க்கு 'வாட்டர் சர்வீஸ்' செய்தார்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, உள்ளே இருக்கும் யூனிட்டில் தண்ணீர் பீய்ச்சினார்கள். அப்புறம் பால்கனிக்குப் போய் வெளி யூனிட்டில் கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினார்கள். பையன் யூனிட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான், கையில் சின்னதாக வளைந்த கம்பி மாதிரி ஒரு சாவி. பெரியவர் என்னைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினார். என் கண்ணெதிரே முள் கீழே இறங்கியது.

"கேஸ் சுத்தமா இல்ல மேடம். மூணு வருஷமா ஒரு தடவைகூட ஃபில் பண்ணலியா? வருஷா வருஷம் போடணுமே."

உண்மையைச் சொன்னால், அவர் சொல்லும் முன்பே நான் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஏசியில் கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி, ஓட ஓடத் தீரும் என்றே நினைத்திருந்தேன். அலுவலகத்திலும் பேச்சு அப்படித்தான்: "இந்த வருஷம் கேஸ் போட்டாச்சா?" அவர் புதிதாக ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 3,500 ரூபாய். லேபிள் இல்லாத ஒரு சிலிண்டரிலிருந்து ஏற்றினார். எடை போடவில்லை. பணம் ஜிபேயில் ஒரு தனிநபர் பெயருக்குப் போனது. பில் என்று கொடுத்த தாளில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை.

அன்று இரவு அறை நன்றாகக் குளிர்ந்தது. இதுதான் இந்த ஏமாற்றின் சூட்சுமம். மூன்று வருஷ அழுக்கு ஏறிய ஃபில்டரைக் கழுவினால் காற்று தாராளமாக வரும், யாருக்கும் குளிரத்தான் செய்யும். ஆனால் பெயர் கேஸுக்குப் போய்விடும். அடுத்த வீட்டு அக்காவுக்கு நானே அந்த எண்ணைக் கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

கத்திரி தொடங்கியதும் பழைய கதை. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஏசி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று போகும்போது அவர் சொல்லியிருந்தார், நானும் அப்படியே வைத்திருந்தேன். 16 என்பது வேகம் இல்லை, எங்கே போய் நிறுத்த வேண்டும் என்ற குறி. அறை சூடாக இருக்கும்போது 24-இல் வைத்தாலும் கம்ப்ரஸர் முழு மூச்சில்தான் ஓடும். 16-இல் வைத்தால் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் எங்கள் அறை அந்தக் குறியை எட்டவே எட்டாது, மெஷின் இரவெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. அந்த இரண்டு மாத ஈபி பில் 500 யூனிட்டைத் தாண்டியது. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் ரேட் மாறிவிடும். அந்தச் செலவை மேலே சொன்ன 11,799-இல் நான் சேர்க்கவில்லை.

மறுபடி அதே எண். அதே ஆள். இந்த முறை "பிசிபி போயிடுச்சு மேடம்" என்றார். ஏசியை இயக்கும் மின்னணு போர்டைத்தான் அப்படிச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டுக் காட்டினார். ஏசி 24-இல் வந்து நின்றது. "பாருங்க, நீங்க 16 வச்சீங்க, இது 24-க்குப் போகுது. போர்டுக்கு மெமரி இல்ல." 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள ரூம் ஏசிகள் இயல்பாக 24 டிகிரியில் வர வேண்டும் என்று பிஇஇ விதி வைத்திருக்கிறது. எங்கள் மாடல் அந்த விதிப்படி ஒழுங்காக நடந்துகொண்டது. அதையே நோய் என்று காட்டினார், நானும் தலையாட்டினேன்.

போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்துப் 'புதுசு' என்று மாட்டி 7,800 ரூபாய் வாங்கினார்கள். மாட்டிய அன்று கோடை மழை. மூன்று நாள் மேகமூட்டம். ஏசி நிற்காமல் ஓடியது, நான் சந்தோஷமாக இருந்தேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "இந்த ரூமுக்கு 1.5 டன் பத்தாது மேடம், 2 டன் எக்ஸ்சேஞ்ச்ல போட்டுத் தரேன்." அதற்கு மட்டும் நான் மசியவில்லை. விவரம் தெரிந்து இல்லை, கையில் பணம் இல்லை.

மழை விட்டதும் ஏசி மறுபடி மதியத்தில் நின்றது. இந்தத் தடவை என் கணவரின் நண்பர் ஒருவர் பழவந்தாங்கலில் இருக்கும் ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். ஐடிஐயில் படித்து முப்பது வருஷமாக இதே வேலையில் இருப்பவர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம்.

பாய் வந்ததும் உள்ளே போகவில்லை, நேராகப் பால்கனிக்குப் போனார். வெளி யூனிட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். புறா இறகும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தது. முன்பக்கம், வெயில் படாமல் இருக்கட்டும் என்று நாங்களே கட்டிய பிளாஸ்டிக் தட்டி. இது எங்கள் மடத்தனம், யார் மேலும் பழி போட முடியாது.

"ஏம்மா, ஏசி குளிரை உண்டாக்குதுன்னு நினைக்கிறீங்களா? ரூம்ல இருக்கிற சூட்டை அள்ளிட்டு வந்து இங்க கொட்டுது. கொட்டற இடத்தை அடைச்சு வச்சா அது எங்க போகும்?"

கேஸ் போட்ட கதையைச் சொன்னேன். சிரித்தார். "உங்க வீட்டு ஃபிரிட்ஜ் எத்தனை வருஷம்?" பதினான்கு வருஷம் என்றேன். "அதுக்கு எத்தனை தடவை கேஸ் போட்டீங்க?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டிலும் ஒரே வேலைதான் நடக்கிறது. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வருகிறது. அது எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைச் சோப்புத் தண்ணீர் வைத்தோ நைட்ரஜன் ஏற்றியோ கண்டுபிடித்து அடைக்காமல் மேலே மேலே கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் காயில் எனும் குழாய்ச் சுருள் அரித்து உண்மையாகவே கேஸ் கசியும். அங்கேயும் முதல் வேலை கசிவைப் பார்ப்பது.

"முள் இறங்கினதை நானே பார்த்தேனே பாய்" என்றேன். அவர் தன் மீட்டரை மாட்டினார், ஏசியை ஓடவிட்டார், பையிலிருந்து ஆலன் கீயை எடுத்தார். பையன் கையில் நான் பார்த்த அதே வளைந்த கம்பி. மெல்லிய குழாய் சேரும் இடத்தில் இருக்கும் வால்வைத் திருகி மூடினார். முள் சரசரவென்று இறங்கியது. "இப்ப கேஸ் இல்ல." திறந்தார். முள் ஏறியது. "இப்ப இருக்கு." அவ்வளவுதான். கேஸ் உள் யூனிட்டுக்குப் போகிற வழியை அடைத்துவிட்டால், திரும்பி வரும் பக்கம் மாட்டிய மீட்டர் தானே இறங்கும். நான் 3,500 ரூபாய் கொடுத்துப் பார்த்த வித்தை அது.

பிறகு போர்டைத் திறந்து டார்ச் அடித்தார். பல்லி எச்சமும் மூன்று வருஷத் தூசியும் அப்படியே இருந்தன. "புதுசுன்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையான கோளாறு இப்போது வேறாகியிருந்தது. தூசியில் மூச்சுமுட்டிய யூனிட்டில் தேவைக்கு மேல் கேஸை அடைத்துவிட்டார்கள். மதிய வெயிலில் அழுத்தம் எல்லை மீறும்போது மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. வெளி யூனிட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்: ஆர்32, 750 கிராம். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று ஒவ்வொரு ஏசியிலும் அப்படி எழுதியிருக்கும். மூன்று வருஷமாகத் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த ஸ்டிக்கருக்கு எதிரில்தான் நின்றிருக்கிறேன். உள்ளே இருந்ததை ரெக்கவரி மெஷினால் காலி சிலிண்டரில் இறக்கி எடை போட்டார். 1 கிலோ 100 கிராம் இருந்தது. லேபிள் இல்லாத சிலிண்டரிலிருந்து வந்ததோடு கலந்துவிட்டதால் அதைத் திரும்ப ஏற்ற மாட்டேன் என்றார். ஆர்32 இலேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, கண்ட கேஸோடும் சேர்க்கக் கூடாது. காற்றில் திறந்து விடவும் மனசு வராது என்றார், கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு பூமியைச் சூடேற்றும் சரக்கு அது. குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியெடுக்க வேக்குவம் பம்ப் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. தராசில் சிலிண்டரை வைத்து 750 கிராம் கணக்காக ஏற்றினார். தட்டியை அவிழ்த்து, பின்பக்கத்தைத் தண்ணீரில் கழுவினார். எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய், பில்லோடு. முதலிலேயே வந்திருந்தால் கழுவுவதற்கு மட்டும் 600 ரூபாய் ஆகியிருக்குமாம்.

2 டன் யோசனையைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. டன் என்பது மெஷினின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுக்கும் சூட்டின் அளவு, சூட்டை அளக்கும் அலகில் சொன்னால் மணிக்கு 12,000 பிடியு. சின்ன அறையில் பெரிய மெஷின் மாட்டினால் சட்டென்று குளிர்ந்து அடங்கிவிடும், காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. சென்னையில் நம்மை வதைப்பதில் பாதி அந்த ஈரம்தான். (இன்வெர்ட்டர் ஏசி என்றால் கரன்ட் போனாலும் ஓடும் என்று நம்பிக்கொண்டிருந்த என் மாமியாரிடமும் அன்றே பாய் பேசிவிட்டார். கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்றார். மாமியார் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.)

வாரன்டி அட்டையில் இருந்த எண்ணுக்கு அப்புறம்தான் கூப்பிட்டேன். அதுதான் உண்மையான கம்பெனி எண். எங்கள் மாடலின் பிசிபிக்கு 5 வருஷ வாரன்டி இருந்ததாம். வெளியாள் கழற்றியிருப்பதால் இனி கிடையாது என்றார்கள். பழைய எண் சுவிட்ச் ஆஃப். 1915-இல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்தேன். முகவரி இல்லாத பில்லை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? பணம் வரவில்லை.

நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் எண்ணை வாரன்டி அட்டையிலிருந்தோ ஏசி மேலே உள்ள ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். மீட்டர் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், இன்னொருவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தராசு இல்லாமல் கேஸ் போட வந்தால் கதவைக் காட்டுங்கள்.

போன வாரம் புது எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. குரல் மட்டும் பழசு. "மேடம், போன வருஷம் உங்க வீட்டு ஏசிக்கு கேஸ் போட்டோம். ஒரு வருஷம் ஆகப்போகுது, இந்த வருஷம் ஃபில் பண்ணிடலாமா?"

எத்தனை கிராம் போட்டீர்கள் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஃபுல்லாத்தான் போட்டோம் மேடம்."