செக்கிங் அக்கவுண்ட்: ஏழு வருட அனுபவம்

2018 ஆகஸ்ட்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் டெக்சாஸ், ரிச்சர்ட்சனுக்கு வந்த நான்காம் நாள், சீனியர் அக்கா ஒருவர் காரில் கூட்டிப்போன வங்கிக் கிளையில் என் முதல் செக்கிங் அக்கவுண்ட்டை, அதாவது அன்றாட வரவு செலவுக்கான கணக்கை, திறந்தேன். படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகும் அதே கணக்குதான். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

திறப்பது சுலபம். பாஸ்போர்ட், கல்லூரி தந்த ஐ-20 படிவம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் கொண்டுபோனேன். இங்கே வேலைக்கும் வரிக்கும் கேட்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் அப்போது என்னிடம் இல்லை. வரி விஷயத்துக்காக டபிள்யூ-8பென் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், கேம்பஸ் வேலை கிடைத்து எண் வந்ததும் போய்ச் சேர்த்துக்கொண்டேன். எண் இல்லாதவர்கள் ஆன்லைனில் மல்லுக்கட்டாமல் நேரில் போய்விடுங்கள்.

அன்று இரவு அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்புக் குடுத்தாங்களாம்மா?" கிடையாது. அடுத்தது, "வட்டி எவ்வளவு?" அதுவும் கிட்டத்தட்ட கிடையாது. நம் ஊரில் சம்பளம், செலவு எல்லாமே சேவிங்ஸ் கணக்கில்தான் ஓடும், கரண்ட் அக்கவுண்ட் என்றால் வியாபாரிகளுக்கு. இங்கே அன்றாடப் புழக்கம் செக்கிங்கில், ஒதுக்கி வைப்பது சேவிங்ஸில். இதை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

செக் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் வாடகைச் செக்கே திரும்பி வந்தது. செப்டம்பர் ஒன்றாம் தேதி, நம் வழக்கப்படி 01/09/2018 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே மாதம் முதலில், நாள் அப்புறம். அவர்கள் கண்ணுக்கு அது ஜனவரி 9, எட்டு மாதப் பழைய செக். ஆறு மாதம் தாண்டிய செக்குக்கு வங்கி பணம் தர வேண்டிய கட்டாயமில்லை. அபார்ட்மென்ட் ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள், ஓடிப்போய் வேறு எழுதிக் கொடுத்தேன். தொகையை எழுத்தில் எழுதும்போது கடைசியில் "ஒன்லி" போடும் பழக்கமும் இங்கே இல்லை, சென்ட்டை 00/100 என்று பின்னமாகப் போட்டு, மிச்ச இடத்தில் கோடு இழுத்துவிட வேண்டும். செக்கின் அடியில் இடது ஓரத்தில் இருக்கும் ஒன்பது இலக்கம்தான் வங்கியைக் குறிக்கும் ரூட்டிங் எண், அதையடுத்து உங்கள் கணக்கு எண். சம்பளம் நேரடியாக விழ இந்த இரண்டும் போதும்.

அக்டோபரில் பட்டதுதான் பெரிய அடி. வாடகைச் செக்கை அவர்கள் ஒன்பது நாள் கழித்துத்தான் வங்கியில் போட்டார்கள். அதுவரை ஆப்பில் தெரிந்த பேலன்ஸ் முழுக்க என்னுடையது என்று நம்பி, புத்தகமும் குளிருக்கு ஜாக்கெட்டும் வாங்கிவிட்டேன். செக் வந்து விழுந்ததும் கணக்கு மைனஸுக்குப் போய், அதன் மேல் 34 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம். வெறும் 11 டாலர் குறைந்ததற்கு! முதல் தடவை என்று கிளையில் கேட்டுப் பார்த்தேன், திருப்பிக் கொடுத்தார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். கார்டுக்கும் ஏடிஎம்முக்கும் நம் சம்மதம் இல்லாமல் இந்தக் கட்டணம் போடக்கூடாது என்று 2010 முதல் விதி இருக்கிறது, ஆனால் செக்குக்கும், பில் தொகை தானாகப் பிடிக்கப்படும் ஆட்டோபேக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் செக் புத்தகத்தோடு வந்த குட்டிப் பதிவேட்டில் ஒவ்வொரு செக்கையும் எழுதிய அன்றே கழித்துவிடுகிறேன். அதில் இருக்கும் தொகைதான் எனக்குக் கணக்கு, ஆப்பில் தெரிவது இல்லை.

டெபிட் கார்டைக் கடையில் தேய்க்கவே மாட்டேன். இங்கே ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும். கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் நம் தலையில் விழுவது அதிகபட்சம் 50 டாலர், தாமதித்தால் 500 வரை, ஸ்டேட்மென்ட் வந்து 60 நாள் தாண்டியும் சொல்லாமல் விட்டால் அதற்குப் பிறகு போகிற பணத்துக்கு வரம்பே இல்லை. ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவையில் நாமே அனுப்பிய பணம் நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும், ரத்து செய்ய வழியில்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்ட செய்தி பார்த்து அப்பா பதறிப்போய்க் கூப்பிட்டார். ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 டாலர் வரை எஃப்டிஐசி என்ற அரசு அமைப்பின் காப்பீடு உண்டு என்று சொன்ன பிறகுதான் தூங்கப்போனார்.

மாணவர் சலுகை முடிந்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் 12 டாலர் மாதக் கட்டணம் பிடித்தார்கள், சம்பளத்தை இதில் விழ வைத்ததும் நின்றது. அந்தக் கோபத்தில் கூட்டுறவு வங்கி மாதிரியான கிரெடிட் யூனியனுக்கு மாறலாம் என்று பார்த்தேன். வாடகை, கரண்ட் பில், போன், கார் லோன் என்று ஒவ்வொரு ஆட்டோபேயையும் மாற்ற வேண்டும், எதையாவது விட்டால் மறுபடி அபராதம். இந்த டிசம்பர் லீவில் உட்கார்ந்து பட்டியல் போட நினைத்திருக்கிறேன்.