பேர்சியஸ்: யாழ்ப்பாணத்தில் இருந்து பிளேட்டோவைக் கிரேக்கத்தில் படிக்க

"மிஸ், எனக்குக் கிரேக்க மெய்யியலில் ஆய்வு செய்ய விருப்பம். புத்தகத்துக்கு எங்கே போறது?" மெய்யியல் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் சொல்லும் பதில் பேர்சியஸ்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெகரி கிரேன் என்பவர் 1980களில் தொடங்கி, பின்னர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன மின்நூலகம் அது. காசு கேட்காது, கணக்கும் திறக்க வேண்டாம். ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டோட்டில் எல்லாம் கிரேக்க மூலத்தோடு இருக்கிறார்கள். கோயில் கோயிலாகப் போய்ப் பார்த்து எழுதிய பௌசானியஸும் உண்டு. கிரேக்கச் சமயம் படிப்பவர்களுக்கு அவர் இல்லாமல் முடியாது. ஒரு பக்கம் கிரேக்கமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக வரும் லோப் பதிப்பின் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று ஏறத்தாழ 30 டொலர். பிளேட்டோ மட்டும் 12 தொகுதி. எங்கள் பிள்ளைகளுக்கு இது கட்டுப்படியாகுமா?

நாலைந்து பேராக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டு விறாந்தையில் இருந்து பிளேட்டோவின் யூதிப்ரோ வாசித்து வருகிறோம். பக்தி என்றால் என்ன என்று சோக்ரட்டீஸ் துருவித் துருவிக் கேட்கும் சின்ன உரையாடல். மெய்யியலும் சமயமும் நேருக்கு நேர் முட்டும் இடம் என்பதால், தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நூல் இல்லை என்பது என் எண்ணம். கதை நடப்பது 'அரசன்' என்ற பட்டம் கொண்ட ஏதென்ஸ் அதிகாரியின் மண்டபத்து வாசலில். தெய்வ நிந்தனை வழக்குகள் அவரிடம்தான் போகும். அந்த மண்டபத்தின் அடித்தளம் 1970இல் அகழ்வில் வெளிப்பட்டது என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேர்சியஸில் நூலின் பெயரையும் 2ஏ என்ற எண்ணையும் கொடுத்தால் முதல் வரி திரையில் வரும். 1578இல் ஜெனீவாவில் ஹென்றி எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பின் பக்க எண் அது. இன்றும் உலகம் முழுக்க பிளேட்டோவை அந்த எண்களாலேயே சுட்டுகிறார்கள். அந்த வரியில் 'கெகொனென்' என்ற சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும். கிக்னொமாய் என்ற வினை, நிறைவுக் காலம், படர்க்கை, ஒருமை. கீழே லிடெல்–ஸ்கொட் அகராதி: 1843இல் முதலில் வந்து, 1940இல் ஒன்பதாம் பதிப்பாக விரிந்தது. எந்த ஆசிரியர் எந்த இடத்தில் எந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார் என்று அது வரிசையாகக் காட்டும். கிரேக்க எழுத்துரு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ஆங்கில எச் எழுத்தைத் தட்டினால் ஏட்டா, டபிள்யூ தட்டினால் ஒமேகா என்று தேடல் பெட்டி புரிந்துகொள்ளும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொல்லைத் தொட்டதும் விடை வருவது பெரிய வசதி, அதே அளவு ஆபத்தும். 'ஏன்' என்ற சின்னக் கிரேக்கச் சொல்லைத் தொட்டால் பல இலக்கணப் பகுப்புகள் வரும். 'இருந்தது' என்பது ஒன்று. 'குடியரசு' நூலில் சோக்ரட்டீஸ் கதை சொல்லும்போது அதே வடிவம் 'நான் சொன்னேன்' என்று நிற்கும். எது பொருந்தும் என்பதை இலக்கணம் தெரிந்த வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே என் விறாந்தையில் சட்டம் ஒன்று: முதலில் கொப்பியில் உன் பகுப்பை எழுது, அப்புறம் தொட்டுப் பார். ஸ்மைத் எழுதிய 1920ஆம் ஆண்டு இலக்கண நூலும் பேர்சியஸிலேயே இருக்கிறது. அதைத் திறக்காமல் சொற்களை மட்டும் தொட்டுத் தொட்டுப் போகிறவர்களுக்குக் கிரேக்கம் வராது.

ஆய்வேட்டுக்கு வந்தால் இன்னொரு குறை. யூதிப்ரோவுக்கு அங்கே இருப்பது பர்னெட்டின் பழைய ஒக்ஸ்போர்ட் பாடம்; அந்தத் தொகுதிக்கு 1995இல் புதிய பதிப்பு வந்துவிட்டது. ஃபௌலரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1914ஆம் ஆண்டினது. வாசித்துப் பழகப் போதும், அடிக்குறிப்பில் போடப் போதாது. புதிய பதிப்பை எப்படியாவது தேடிப் பிடித்து ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

"இதைப் படிச்சு என்ன வேலை?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் இடங்கள் குறைவு. ஆனால் பண்டைய மெய்யியலில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களிடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கிரேக்க வாசிப்பை எதிர்பார்க்கும். மொழிபெயர்ப்பில் மட்டும் படித்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்றாலும் வாசலிலேயே நின்றுவிடுவாள். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக இருக்கும் எங்கள் வளாகத்தின் முதல் தலைவர் கைலாசபதி, பேர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை ஹோமரோடு வைத்துப் பார்த்தவர். அந்தப் பாதையில் தொடர்ந்து போக எங்களிடம் ஆள் வேண்டும். சங்கத் தமிழ் வாசித்த பிள்ளை ஹோமரையும் மூலத்தில் வாசித்தால் என்னென்ன கேட்பாள் என்று நினைக்கவே எனக்கு ஆவலாக இருக்கிறது.

கைத்தொலைபேசியில் பேர்சியஸின் பழைய பக்கங்கள் மிகச் சின்னதாகத் தெரியும். அதற்கு பேர்சியஸ்காரர்களே 2018இல் விட்ட ஸ்கைஃப் என்ற வாசிப்புத் தளம் கண்ணுக்கு இதம். ஆனால் படிக்கத் தொடங்குகிறவர்கள் பழைய தளத்திலேயே தொடங்குங்கள். பாடம், அகராதி, இலக்கணம் மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.