புறநானூறு 267ஆம் பாடலுக்கு விளக்கம் இருக்கிறதா? அந்த நோட்ஸை வாங்காதீர்கள்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களும், வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் போன பணம் 649 ரூபாய்தான். நான்கு மாதப் படிப்பும் அதோடு போய்விட்டது என்பதுதான் தாங்கவில்லை.

டெலிகிராமில் ஒரு சேனல். பொதுத்தமிழ் முழுவதும் ஒரே பிடிஎஃப், 240 பக்கம், "அனுபவமிக்க தமிழாசிரியர் குழு தயாரித்தது" என்று விளம்பரம். குரூப் 4-ல் 200 கேள்விக்கு 100 கேள்வி தமிழ். அந்தப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். நான் பி.காம். படித்தவள், பள்ளியோடு தமிழை விட்டு பதினைந்து வருடம் ஆகிறது. அந்தப் பயத்தில் ஜிபேயில் பணம் அனுப்பினேன். கோப்பு உடனே வந்தது. அழகான அட்டை, வண்ணத் தலைப்புகள், ஒவ்வொரு பாடலுக்கும் ஆசிரியர், திணை, துறை, பொருள் என்று வரிசையாக இருந்தது. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, தினமும் காலையில் படித்தேன்.

விஷயம் வெளியே வந்தது என் அண்ணன் மகளால். எட்டாம் வகுப்பு, பள்ளியில் பேச்சுப் போட்டி, தலைப்பு கல்வி. "அத்தை, ஒரு குறள் சொல்லுங்க" என்று கேட்டாள். அந்த நோட்ஸில் கல்வி அதிகாரம், குறள் 412 என்று போட்டிருந்ததை எழுதிக்கொடுத்தேன்:

கற்றவர் வாழ்வில் கலங்காமல் நிற்பாரே
மற்றவர் போல மயங்கி விடார்

மேடையில் தடங்கல் இல்லாமல் சொன்னாள். இறங்கி வந்ததும் நடுவராக இருந்த தமிழம்மா கூப்பிட்டு, "பாப்பா, இது திருக்குறளே இல்லையே, யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் அழுதாள். அவள் என் பெயரைச் சொல்லவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இப்போது அந்த இரண்டு வரியை நிதானமாகப் பாருங்கள். எதுகை இருக்கிறது, கருத்தும் நல்ல கருத்துதான். ஆனால் குறள் என்றால் முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். இங்கே இரண்டாம் அடியிலும் நாலு. அப்புறம் எண். அதிகாரத்துக்குப் பத்துக் குறள், கல்வி 40ஆம் அதிகாரம், அப்படியென்றால் 391 முதல் 400 வரைதான். 412 இருப்பது கேள்வி அதிகாரத்தில், "செவிக்குண வில்லாத போழ்து" என்று தொடங்கும் குறள். விரல் விட்டு எண்ணினாலே தெரிகிற தப்பு. நான் எண்ணவில்லை.

அன்று இரவு கூகுளில் தேடினேன். அந்தப் போலிக் குறள் மூன்று தளங்களில் இருந்தது, மூன்றிலும் விளக்கவுரையோடு! தேடலின் உச்சியில் தானாக வருகிற சுருக்கமும் அதைக் குறள் என்றே சொன்னது. மூன்று இடத்தில் இருக்கிறதே, அந்த அம்மாதான் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு மூன்று விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், சுருக்கம் அவர்களிடமிருந்து எடுத்திருக்கிறது. மூன்று சாட்சி என்று நான் நம்பியது ஒரே ஆள்.

மறுநாள் ஸ்பைரலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் வருவார், எங்களைப் போலப் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் தீர்த்துவைப்பார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். 14ஆம் பக்கத்தில் சிறுபஞ்சமூலம் காரியாசான் எழுதியது என்று சரியாக இருக்கிறது. 61ஆம் பக்கத்தில் அதே நூல் கணிமேதாவியார் பெயரில் இருக்கிறது. நாலடியாரை விளம்பிநாகனாருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவர் எழுதியது நான்மணிக்கடிகை. 88ஆம் பக்கத்தின் நடுவில் "நிச்சயமாக! நீங்கள் கேட்டபடி 50 வினாக்கள் இதோ" என்று ஒரு வரி. ஏஐயிடம் கேட்டு வாங்கியதை ஒருமுறை படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் குழு என்று ஒன்று இருந்திருந்தால் அந்த வரி அங்கே இருக்காது. நானும் அந்தப் பக்கத்தை நாலைந்து முறை படித்திருக்கிறேன், கண் அதைத் தாண்டியே போயிருக்கிறது.

213ஆம் பக்கத்துக்கு வந்ததும் ஐயா நிறுத்திவிட்டார். புறநானூறு 267. புலவர் பெயர், திணை, துறை, ஆறு வரிப் பாடல், கீழே பொருள்.

"ஏம்மா, இந்தப் பாட்டு உனக்கு எங்கே கிடைச்சுது?" என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து புறநானூற்றை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார். 266, அடுத்து 269, ஔவையார் பாட்டு. 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடி 1894-ல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தபோதே இல்லை, இன்றுவரை இல்லை. அந்த நூலில் சில பாடல்களின் நடுவே வெறும் புள்ளிகளாக இருப்பதையும் காட்டினார். ஏடு சிதைந்து எழுத்து போன இடங்கள் அவை. தமிழில் அவ்வளவு புலமை உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் பொருந்துகிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டு நிரப்பத் தெரியாதா? நிரப்பவில்லை. இல்லாததை இல்லை என்றே அச்சிட்டார்கள். அதனால்தான் மீதி இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் நாம் நம்பிப் படிக்கிறோம்.

இந்த ஏஐ கருவிகள் வேலை செய்கிற விதமே வேறு. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுக் கோத்துக்கொண்டே போகின்றன. காலி இடம் என்றால் பெரும்பாலும் நிரப்பிவிடும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இந்த வழக்கு உண்மையா என்று அதே சாட்ஜிபிடியிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று பதில் வந்தது. நானும் அந்த இரவில் அதைத்தான் செய்தேன். குறள் 412 சரியா என்று போனில் உள்ள ஏஐயிடம் கேட்டேன், சரி என்று சொல்லி வாழ்த்தும் சொன்னது.

எனக்கு இதில் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இந்தப் போலிப் பாட்டுகள் இணையத்தில் தங்கிவிட்டால், அடுத்து வருகிற ஏஐ இவற்றையும் சேர்த்துத்தான் தமிழ் கற்கும். ஏஐ எழுதியதையே மறுபடி மறுபடி ஏஐக்குப் பயிற்சியாகக் கொடுத்தால் அரிதானவை முதலில் காணாமல் போகும் என்று 2024 ஜூலையில் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் மொழியில் அரிதானவை எவை? துறைப் பெயர்கள், பழைய சொற்கள், ஒரே ஒரு பாட்டு மட்டும் கிடைத்த புலவர்கள். அதெல்லாம் கரையான் அரித்ததுபோல மறுபடியும் போய்விடக் கூடாது.

சேனல்காரரிடம் பக்க எண்களோடு எழுதினேன். "சின்ன டைப்பிங் மிஸ்டேக் சிஸ்டர், அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவோம்" என்று பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், உரையாடல் மூன்றையும் எடுத்துவைத்திருந்தேன். நீங்களும் வாங்குவதற்கு முன்பே விளம்பரத்தைப் படம் எடுத்துவிடுங்கள், கேள்வி கேட்டால் அதைத்தான் முதலில் அழிக்கிறார்கள்.

இப்போது பள்ளிப் பாடநூல்களையே படிக்கிறேன். பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாட்டின் மூலம் பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகம் இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டெழுதிச் சேர்த்துவரும் மதுரைத் திட்டமும் இருக்கிறது. அதன் கோப்புகளில் யார் தட்டெழுதினார்கள், யார் பிழை பார்த்தார்கள் என்று மேலேயே பெயர் போட்டிருப்பார்கள். யாராவது நோட்ஸ் விற்றால் இதைத்தான் முதலில் கேளுங்கள்: எழுதியவர் பெயர் என்ன, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது. குழு, டீம் என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அந்தக் கோப்பு இப்போது வேறு அட்டை, வேறு தலைப்போடு 399 ரூபாய்க்குச் சுற்றுகிறது, நேற்று என் தோழிக்கு வந்தது. அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 88ஆம் பக்கத்து "நிச்சயமாக!" வரியை எடுத்துவிட்டார்கள். 213ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள், 267 அப்படியே இருக்கிறது.