பகல்நேர மலையேற்றத்துக்கு ஒரே பை: ஏழு வருட அனுபவம்

ஏழு வருடமாக ஒரே பையைத்தான் முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறேன். 20 லிட்டர் பை. பர்வதமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி, கர்நாடகத்தில் குத்ரேமுக் என்று, போன அன்றே இறங்கிவிடும் பயணங்கள் மட்டும்தான். பைக்குள் என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏறும்போது வெயில் இளசாக இருக்கும், பாட்டில் நிறைந்திருக்கும், காலில் தெம்பு இருக்கும். இறங்கும்போது இந்த மூன்றுமே குறைந்திருக்கும். அதனால் நான் பை கட்டுவது இறங்குவதற்காக. இந்தப் புத்தி வந்தது பர்வதமலையில்.

இரண்டாவது வருடம் என் மைத்துனரோடு தென்மகாதேவமங்கலம் பக்கமாக ஏறினேன். சுமார் 4,500 அடி மலை. உச்சியில் மல்லிகார்ஜுனரைப் பார்க்கக் கூட்டம் அதிகம். கிளம்பவே நேரமாகிவிட்டது. கடப்பாறைப் படிக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பாறையில் அடித்த இரும்புக் கம்பிகள்தான் அங்கே படி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி. தலையில் மாட்டும் டார்ச்சை எடுத்து அமுக்கினால் எரியவில்லை. பைக்குள் வேறு ஏதோ அழுத்தி, பகல் முழுக்க உள்ளேயே எரிந்து பேட்டரி தீர்ந்திருக்கிறது. இரண்டு கையும் சங்கிலியில் இருக்கும்போது கைபேசியை எப்படிப் பிடிப்பது? "மாமா, இடது காலை இன்னும் கொஞ்சம் கீழே விடுங்க, கம்பி இருக்கு" என்று மைத்துனர் கீழேயிருந்து சொல்லச் சொல்ல, காலால் துழாவித் துழாவி இறங்கினேன். முழங்கால் அன்று நடுங்கிய நடுக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து டார்ச்சின் மூன்று பேட்டரிகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டுத்தான் பையில் வைக்கிறேன். பொத்தான் எத்தனை முறை அமுங்கினாலும் எரியாது. மாலை நாலு மணிக்கு அதைச் சரியாகப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். கூடவே மாற்றுப் பேட்டரி ஒரு செட். பகல் பயணத்துக்கு டார்ச் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் மலைக்குப் போவதில்லை.

அடுத்தது தண்ணீர். வெயில் காலத்தில் எனக்கு மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. பையின் மொத்த எடையில் பாதிக்கு மேல் அதுதான். உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை ஒன்று வாங்கி ஒன்றரை வருடம் பயன்படுத்தினேன். நடந்துகொண்டே குடிக்கலாம், உண்மையிலேயே வசதிதான். ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. குழாய்க்குள் ஈரம் காயாமல் கருப்பாகப் பூசணம் பிடித்தது. கழுவிக் கழுவிச் சலித்துப்போய், கெட்டியான ஒரு லிட்டர் பாட்டில் மூன்றுக்குத் திரும்பிவிட்டேன். உச்சியில் நிற்கும்போது ஒரு பாட்டில் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது எனக்கும் மைத்துனருக்கும் ஒப்பந்தம். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு எப்போதும் உண்டு. பெரிய பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன், உப்பு கூடிப்போகும், அப்படிச் செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மௌண்டெனியர்ஸ் சங்கம் 1930-களில் வகுத்த பத்துப் பொருள் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் அதை வைத்துத்தான் நானும் பை கட்டினேன். அதில் தீ மூட்டும் சாமானும் ஒன்று. குளிர்ப் பிரதேசத்தில் இரவு மாட்டிக்கொண்டால் அது உயிர் காக்கும், சரி. நம் மலைகளில் பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து எப்படிக் கிடக்கும் என்று பார்த்தவர்களுக்கு அதைத் தொடவே மனம் வராது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த அன்றே லைட்டரை வெளியே எடுத்தேன், திரும்ப வைக்கவே இல்லை. குளிருக்கு மெல்லிய கம்பளித் தொப்பியும் ஒரு முழுக்கை பனியனும் போதும். வெள்ளியங்கிரி ஏழாவது மலையில் விடியற்காலைக் காற்றுக்கு அவை இரண்டும் தாங்கின.

சாப்பாடு எளிது: வாழையிலையில் கட்டிய புளியோதரை, கடலை மிட்டாய், பேரீச்சை. வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் கட்டாயம். பர்வதமலையிலும் சதுரகிரியிலும் குரங்குக்குப் பிளாஸ்டிக் கவர் சரசரத்தாலே போதும், ஓடி வந்து பிடுங்கிவிடும். எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பைக்குள் அடியில் வைத்தால் சத்தமும் இல்லை, மலையில் குப்பையும் இல்லை.

மழைக்குப் பையின் மேல் மாட்டும் உறையை மட்டும் நம்பி ஒருமுறை ஏமாந்தேன். தண்ணீர் முதுகுப் பக்கமாக வழிந்து உள்ளே போய்விடும். இப்போது உரச் சாக்குக்குள் வருமே, அந்தக் கனமான பிளாஸ்டிக் உறை, அதை நன்றாகக் கழுவிப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிச் செருகிவிடுகிறேன். காசு செலவில்லாமல் ஐந்து மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

குத்ரேமுக்கில் மழை விட்ட சமயத்தில் போனால் அட்டைதான் பெரும்பாடு. முல்லோடியிலிருந்து போய்வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர், வழியெல்லாம் ஈரப்புல். அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசிய உப்பும் மூக்குப்பொடியும் இரண்டு ஓடை தாண்டுவதற்குள் கரைந்துவிட்டன. முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறைதான் பயன்பட்டது. அப்படியும் கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். அதன் வாய்ப்பக்கம் நகத்தை வைத்து மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை உள்ளே விடுவதால் கசிவு நிற்க நேரமாகும், பயப்பட வேண்டாம். பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும்.

மருந்துப் பொட்டலத்தில் நான் அதிகம் எடுத்தது கிரேப் பேண்டேஜ், அதாவது சுளுக்குக்கு இறுக்கிச் சுற்றும் இழுவைத் துணி. அதை எடுத்த மூன்று முறையும் பிசகியது வழியில் சந்தித்த வேறொருவர் கால். அப்புறம் விசில், ரத்த வகையும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு அட்டை. கிளம்பும் முன் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். மறந்தால் இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து இடித்துப் பெருவிரல் நகம் கருத்துவிடும்.

வெளியேற்றியவை: பைனாகுலர், மடக்குக் கத்தியில் பெரியது, இரண்டாவது ஜோடி செருப்பு.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலாவது வருடத்தில் உள்பக்கப் பூச்சு பிசுபிசுத்து உரிய ஆரம்பித்தது. ஈரத்தோடு மடித்து வைத்தது என் தவறு. இப்போது வீட்டுக்கு வந்ததும் உதறி நிழலில் தொங்கவிடுகிறேன். ஜிப் ரன்னர் இரண்டு முறை மாற்றியாயிற்று. தோள்பட்டை வார் பிரிந்ததை எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணன் நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். போன மாதம் இன்னொரு வாரையும் காட்டினேன். இழுத்துப் பார்த்துவிட்டு, "இது இப்போதைக்குப் போகாது சார், அடுத்த மலைக்குப் போயிட்டு வந்து காட்டுங்க" என்றார்.