பழைய வேலைக்குத் திரும்புவதா, புதிய தொழில் பயில்வதா?

பணியில் காயமடைந்தவர் சிகிச்சை முடிந்து எழுந்து நடமாடத் தொடங்கும்போது, தொழில்சார் மறுவாழ்வுச் சேவைகள் அவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன. ஒன்று, வேலையைச் சற்று மாற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்புவது. மற்றது, உடல் தாங்கக்கூடிய வேறொரு தொழிலைப் பயின்று புதிதாகத் தொடங்குவது. பணிக்காயப் பலன்கள் குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1964-இல் ஏற்ற 121-ஆம் உடன்படிக்கை இவ்விரண்டையும் வரிசைப்படுத்துகிறது: இயன்றவரை முந்தைய பணிக்கே அவரை ஆயத்தப்படுத்த வேண்டும், அது இயலாதபோது அவருடைய நாட்டத்துக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற மாற்றுத் தொழிலுக்கு வழிசெய்ய வேண்டும். இந்த வரிசை சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் 'இயலாது' என்பதை யார், எந்தக் கட்டத்தில் முடிவுசெய்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தெளிவாக இல்லாததால்தான் பலர் இரண்டு வழிகளையும் இழந்து வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

பழைய இடத்துக்குத் திரும்புகிறவருக்கு அங்குள்ள மனிதர்கள், கருவிகள், வேலையின் போக்கு எல்லாம் தெரியும். தம்மை யாருக்கும் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் முதுகுவலியால் நான்கு வாரங்களுக்கு மேல் விடுப்பில் இருந்த தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையோடு பணியிடத் திருத்தங்களும் சேர்த்து வழங்கப்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு வேகத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பலனின் பெரும்பகுதி பணியிடத் திருத்தத்தால் விளைந்தது என்பதும் அதில் தெரியவந்தது. மருத்துவமனையில் மட்டும் நடக்கும் மறுவாழ்வு பாதி வேலைதான் என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

இந்த வழி பெரும்பாலும் தோற்பது 'இலகுவான வேலை கொடுக்கவும்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழில்தான். எத்தனை கிலோ வரை தூக்கலாம், எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம், கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாமா, எந்த வாரத்தில் எவ்வளவு நேரம் கூட்டலாம் என்ற விவரங்கள் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரால் எதையும் திட்டமிட முடியாது. விளைவாக அவர் ஒன்று பழைய பளுவையே கொடுக்கிறார், அல்லது தொழிலாளியை ஒரு மூலையில் பொருளற்ற வேலையில் உட்காரவைக்கிறார். இருபது ஆண்டுகள் கைத்திறனால் மதிக்கப்பட்ட ஒருவருக்கு அந்த மூலை தரும் அவமானம், காயத்தின் வலியைவிடக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தவிர, நான்கைந்து பேர் மட்டுமே வேலைசெய்யும் சிறு பட்டறையில் மாற்றிக் கொடுக்க வேறு பணியே இருக்காது.

மறுபயிற்சி நீண்ட பாதை. பயிலும் காலம் முழுவதும் வருமானத்துக்கு ஈடு வேண்டும். பள்ளிப்படிப்பு குறைந்தவருக்கு வகுப்பறையே முதல் தடை. பயிற்சி முடிந்த துறையில் வேலை இல்லையென்றால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும். ஆகவே முன்னைய தொழிலிலிருந்து எடுத்துச் செல்லக்கூடிய திறன்களை முதலில் கணக்கிடுவது இன்றியமையாதது. முதுகு தளர்ந்த கொத்தனாருக்குப் பொருள் மதிப்பீடும் ஆட்களை நடத்துவதும் அத்துபடி. கைநடுக்கம் வந்த வெல்டருக்குப் பற்றவைப்பின் குறை எங்கே ஒளிந்திருக்கும் என்பது பார்த்தவுடன் தெரியும். முன்னவரைத் தள மேற்பார்வைக்கும் பின்னவரைத் தர ஆய்வுக்கும் பயிற்றுவிப்பது, இருவரையும் ஒரே பொதுவான கணினி வகுப்பில் சேர்ப்பதைவிடப் பன்மடங்கு மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. இத்தனை தடைகள் இருந்தும், துண்டிக்கப்பட்ட கை, மீளாத நரம்புச் சேதம், மீண்டும் தொடவே கூடாத வேதிப்பொருள் ஒவ்வாமை போன்றவற்றில் மறுபயிற்சியைத் தள்ளிப்போடுவது தொழிலாளிக்குச் செய்யும் அநீதியாகும்.

மூன்றாவதாக, முதலில் வேலையில் அமர்த்திவிட்டு அங்கேயே துணையாளர் ஒருவரைக் கொண்டு பயிற்றுவிக்கும் முறை உண்டு. அறிவுத்திறன் குறைபாடு கொண்டவர்களுக்காக உருவாகி, பின்னர் கடும் மனநோய் கொண்டவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட இம்முறை, தலைக்காயத்துக்குப் பின் நினைவும் கவனமும் தளர்ந்தவர்களுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு சூழலில் கற்றதை வேறொரு சூழலுக்கு எடுத்துச் செல்வது அவர்களுக்குக் கடினம். நான்காவது வழியான, மொத்தமாகக் கிடைக்கும் இழப்பீட்டைக் கொண்டு சொந்தத் தொழில் தொடங்குவது, வணிக அனுபவம் முன்பே உள்ளவருக்கு மட்டுமே உகந்தது.

பெரும்பாலானவர்களுக்குப் பழைய பணியிடமே முதல் முயற்சியாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான பேச்சு காயம் ஆறிய பிறகு தொடங்கினால் போதாது; சிகிச்சை நடக்கும்போதே தொழிலாளி, மருத்துவர், மேற்பார்வையாளர், மறுவாழ்வு ஆலோசகர் ஆகிய நால்வரும் ஒன்றாக உட்கார வேண்டும். பழைய இடத்திலேயே வேலையை மாற்றிக் கொடுக்கும் திட்டத்தில் மறுஆய்வுத் தேதி எழுத்தில் இருக்க வேண்டும். அந்த நாளில் முன்னேற்றம் இல்லையெனில், தொழிலாளியின் விருப்பத்தைக் கேட்டு, வருமான ஈடு நிற்பதற்கு முன்பே மறுபயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.