நிஷிகி சந்தை ஊறுகாய்க் கடை: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிஷிகி சந்தை, ஷிஜோ சாலைக்கு ஒரு தெரு வடக்கே, சுமார் 390 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட ஒரு சந்து. மத்தியானத்துக்கு மேல் போனால் கூட்டத்தில் நசுங்க வேண்டியதுதான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அத்தை சுத்த சைவம். கூடவே ஊறுகாய்ப் பைத்தியம்.

நாங்கள் நுழைந்த கடையின் வாசலில் மரத்தொட்டிகள். தவிட்டுக்குள் புதைத்த கத்திரிக்காயும் வெள்ளரிக்காயும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் ஒரு சொட்டு இல்லையேம்மா, கெட்டுப்போகாதா?" என்றார். உப்பும் புளிப்பும்தான் இங்கே காவல். கடைக்கார அம்மாள் பல்குச்சியில் குத்திக் குத்தி ருசி பார்க்கக் கொடுத்தார். வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. இதற்கே முழு மதிப்பெண்.

முதலிடம் சுகுகிக்கு. கியோட்டோவின் வடக்கே காமிகாமோ பக்கம் விளையும் ஒரு டர்னிப் வகை. கிழங்கை இலையோடு உப்பிட்டு, நீளமான கழியின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அழுத்துகிறார்கள். அப்புறம் சுமார் 40 டிகிரி சூடுள்ள அறையில் வைத்துப் புளிக்கவிடுகிறார்கள். வினிகர் கிடையாது. புளிப்பெல்லாம் அதுவாக வந்தது. பொடியாக நறுக்கித் தயிர்சாதத்தோடு கொடுத்தேன், அத்தை இரண்டாம் முறை சாதம் கேட்டார். விலைதான் கொஞ்சம் கடி.

ஷிபாசுகே வாங்கும்போது கவனம் தேவை. ஓஹாரா கிராமத்துப் பழைய முறையில் கத்திரிக்காய், சிவப்பு ஷிசோ என்ற வாசனை இலை, உப்பு, இவ்வளவுதான். அதை 'நாமா ஷிபாசுகே' என்று தனியாக விற்கிறார்கள். பக்கத்திலேயே அதே ஊதா நிறத்தில் மலிவாக இருப்பது பெரும்பாலும் வினிகரிலும் சுவையூட்டியிலும் ஊறிய வெள்ளரிக்காய். ருசி மோசமில்லை, ஆனால் அது வேறு பண்டம்.

உமேபோஷியில்தான், அதாவது பிளம் மாதிரியான உமேக் காயை உப்பிட்ட ஊறுகாயில்தான், ஏமாற்றம். பழைய முறையில் காய் எடையில் 18 முதல் 20 சதவீதம் உப்புப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் காயவைப்பார்கள். உப்பு நார்த்தங்காய் தின்று வளர்ந்த நாக்குக்கு அது சொந்தக்காரன் மாதிரி. இந்தக் கடையிலோ எல்லாமே தேன் போட்ட, உப்புக் குறைத்த வகை. அத்தை ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "மிட்டாயா இது?" என்றார்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்தானே என்று நம்பி எடுக்காதீர்கள். பல பாக்கெட்டுகளில் கட்சுவோ, அதாவது சூரை மீன் கருவாட்டின் சாறோ சீவலோ இருக்கும். நான் ஒவ்வொரு லேபிளையும் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். எங்கள் கூடையிலிருந்து பாதி திரும்ப அலமாரிக்குப் போயிற்று. கோம்பு என்றிருந்தால் பயம் வேண்டாம், அது கடற்பாசி.

சென்மாய்சுகே குளிர்காலச் சரக்கு. பெரிய ஷோகோயின் டர்னிப்பைக் காகிதம் போலச் சீவி, கோம்புவோடு ஊறவைத்தது. இனிப்புக் கலந்த மெல்லிய புளிப்பு. ஊருக்குக் கொண்டுபோக உதவாது, குளிர்சாதனப் பெட்டியிலேயே சில நாள்தான் தாங்கும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி அன்றைக்கே தின்றுவிடுங்கள். சுகுகியை மட்டும் காற்றெடுத்த பையில் கேட்டு வாங்கி, இன்னொரு பையில் சுற்றிப் பயணப் பெட்டிக்குள் வையுங்கள். வாசனை ஊரைக் கூட்டும்.